எடுக்காத நான்கு அழைப்புகள்

முதல் நாள் அவள் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்ட ஏழெட்டுக் கேள்விக்கும் "ம்", "இல்ல மிஸ்", "தெரியல மிஸ்" என்ற மூன்றையே மாற்றி மாற்றிச் சொன்னாள். பேச்செல்லாம் கூட வந்த மாமாவுடையது. "பிள்ளை கெட்டிக்காரி மிஸ். வாய்தான் இல்ல. வாய் இருந்திருந்தா எப்பவோ ஒரு வேலையில இருந்திருக்கும்." நானும் தலையாட்டினேன். அன்றைக்கு என் கொப்பியில் எழுதிய குறிப்பு இன்னும் இருக்கிறது: பிரச்சினை, கூச்சம்.

அது 2023 பெப்ரவரி. அந்த ஒற்றைச் சொல்லில் எவ்வளவு சரி, எவ்வளவு என் சோம்பல் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து மாதம் பிடித்தது. அதைத்தான் எழுதுகிறேன். அவள் கேட்டுக்கொண்டபடி பெயர் இல்லை, வீடு இருக்கும் தேயிலைத் தோட்டத்தின் பெயரும் இல்லை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் என்பது போதும்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் 14 வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு டியூஷன் வகுப்பறையை இரவல் வாங்கி, வேலை தேடும் பிள்ளைகளின் சுயவிபரக் கோவையைத் திருத்திக் கொடுக்கிறேன். இத்தனை வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஆள் எடுத்ததால் எல்லாம் தெரியும் என்றொரு நினைப்பும் இருந்தது.

ஆள்

வயது 24. உயர்தரத்தில் வணிகப் பிரிவு, மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. ஏ.ஏ.டி. கணக்கியல் படிப்பில் இரண்டாம் நிலை முடித்திருந்தாள். டவுனில் மாமாவின் ஹார்ட்வெயார் கடையில் ஒன்றரை வருடமாகக் கணக்கு எழுதுகிறாள். சம்பளம் என்று பெரிதாக இல்லை, வீட்டுப் பிள்ளை என்ற கணக்கில் ஓடுகிறது. அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில். தம்பி சாதாரணதரம்.

அவள் வேலை தேடத் தொடங்கியது 2022 செப்டெம்பரில். பெற்றோல் வரிசையும் மின்வெட்டும் ஓய்ந்தும் ஓயாத காலம். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்க எவருக்கும் மனம் வராத வருடம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்து மாதத்தில் 41 விண்ணப்பம் போட்டிருந்தாள். அத்தனையையும் திகதி வாரியாக எக்செல்லில் எழுதி வைத்திருந்தாள். என்னிடம் வருகிறவர்களில் அப்படி வைத்திருந்த முதல் ஆள் அவள்தான், அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். அந்தத் தாளின்படி வந்த பதில்: மின்னஞ்சலில் இரண்டு நிராகரிப்பு, தபாலில் ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம், தெரியாத எண்களிலிருந்து நான்கு தொலைபேசி அழைப்பு. நான்கையும் அவள் எடுக்கவில்லை. கடிதம் வந்த இடத்துக்கும் போகவில்லை.

சுயவிபரக் கோவையைத் திருத்தியது பெரிய கதை இல்லை. நான்கு பக்கத்தை இரண்டாக்கினோம், கோப்புக்கு அவள் பெயரையே வைத்தோம், பொழுதுபோக்கு என்ற பகுதியில் இருந்த "பாட்டுக் கேட்டல்" போனது. இது எங்கும் சொல்லித் தருவதுதான்.

எடுக்காத அழைப்பு

தெரியாத எண் வந்தால் எடுக்காமல் விடுவது அமைதியான பிள்ளைகள் பலரிடம் உள்ள பழக்கம். யார், எதற்கு, என்ன கேட்பார்கள் என்று தெரியாமல் வாயைத் திறக்க அவர்களுக்குப் பிடிப்பதில்லை. ஆனால் இலங்கையில் தனியார் வேலைக்குக் கூப்பிடுகிறவர் பெரும்பாலும் தொலைபேசியில்தான் கூப்பிடுவார். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஒரு பட்டியலில் பத்துப் பெயர் இருந்தால் இரண்டு தடவை அடித்துப் பார்ப்பேன், எடுக்காவிட்டால் அடுத்த பெயர். அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டு மணி ஓயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"ஏன் எடுக்கல?" என்று இரண்டாம் சனிக்கிழமை கேட்டேன். பதில் இல்லை. "பயமா?" தலையாட்டினாள். சரி, பயம் என்று எழுதிக்கொண்டேன். அவளோடு நான் செய்த தவறுகளில் இது முதலாவது. விடையையும் சேர்த்தே கேள்வி கேட்டால் அவள் மாதிரி ஆள் அந்த விடையையே திருப்பித் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள்.

உண்மையான காரணம் ஒரு மாதம் கழித்து, வேறொரு வேலையாக அவர்கள் வீட்டுக்குப் போனபோது கண்ணில் பட்டது. பழைய லயம், ஒட்டிக் கட்டிய தோட்டத்து வரிசை வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் குசினி. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், சுவர் கூரையைத் தொடவில்லை. நான் போயிருந்த அரை மணித்தியாலத்தில் பக்கத்து வீட்டில் என்ன சண்டை, அதற்கடுத்த வீட்டில் என்ன நாடகம் ஓடுகிறது என்பதெல்லாம் கேட்டது. இந்த இடத்தில் நின்றுகொண்டு, தட்டுத்தடுமாறும் சிங்களத்தில், "ஏன் எங்கள் நிறுவனத்தில் சேர விரும்புகிறீர்கள்" என்ற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? சொன்னால் வரிசை முழுவதும் கேட்கும். வேலை கிடைக்காவிட்டால் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அதைப் பற்றிக் கேட்பார்கள். அதோடு காம்பராவுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். கோயில் படிக்கட்டுக்குப் போனால்தான் குரல் தெளிவாக வரும்.

ஆக, நான்கு அழைப்பில் எத்தனை கூச்சம், எத்தனை சுவர், எத்தனை சிக்னல், எத்தனை சிங்களம்? நான் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி அவள் சுபாவத்தின் தலையில் வைத்திருந்தேன்.

தீர்வு சின்னதாகவே இருந்தது. தெரியாத எண் வந்தால் எடுக்கத் தேவையில்லை. மணி ஓய்ந்ததும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் முன்கூட்டியே எழுதிப் போனில் சேமித்துக் கொடுத்தேன். தமிழில் சொன்னால் இதுதான்: "உங்கள் அழைப்பைப் பார்த்தேன். இப்போது பேச வசதியில்லாத இடத்தில் இருக்கிறேன். 4.30க்குப் பிறகு நானே எடுக்கட்டுமா? தயவுசெய்து எந்த நிறுவனம் என்று சொல்ல முடியுமா?" பிறகு அவள் கோயில் படிக்கு, கையில் ஒரு தாளோடு போவாள். தாளில் நிறுவனத்தின் பெயர், எப்போது விண்ணப்பித்தாள், கேட்கக்கூடிய ஐந்து கேள்விக்குப் பதில், கடைசி வரியாக நன்றி சொல்லி முடிக்கும் வசனம். அந்தக் கடைசி வரி அவள் கேட்டு வாங்கியது. "பேச்ச ஆரம்பிக்கிறது பரவால்ல மிஸ், எப்படி முடிக்கிறதுன்னுதான் தெரியல."

வராத கடிதம்

நேர்முகப் பரீட்சைக் கடிதத்தின் கதை இன்னும் எளிது. பதிவுத் தபாலில் தோட்ட ஆபிசுக்கு வந்து, அங்கே கிடந்து, டிவிசனுக்கு வந்து, கையில் சேர்ந்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து இரண்டு நாள். லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லாதவரை இது நடந்துகொண்டேதான் இருக்கும். பல்கலைக்கழகக் கடிதம் முதல் வங்கிக் கடிதம் வரை பிந்திப்போன கதை மலையகத்தில் எந்த வீட்டைக் கேட்டாலும் ஒன்று இருக்கும். அவள் அதை யாரிடமும் முறையிடவில்லை. மாமா வீட்டில்கூடச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "போகல" என்று மட்டும் சொன்னாள். கேட்டவர்கள் "பயந்து போகல" என்று புரிந்துகொண்டார்கள்.

விண்ணப்பங்களில் அன்றிலிருந்து மாமாவின் கடை விலாசம். அவளுக்கு இதில் ஒரு நிம்மதியும் இருந்தது என்று நினைக்கிறேன், தோட்டத்தின் பெயர் முதல் பக்கத்தில் இராது. அதை நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூடாது என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. கொழும்பில் இருந்த காலத்தில் நானும் "ஹட்டன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்டியில் ஒரு பகல்

மே மாதம் கண்டியில் ஒரு தொழிற்சந்தை நடந்தது. நிறைய நிறுவனங்கள் மேசை போட்டிருக்கும், போய் நேரே பேசலாம். "நாலு பேரிடம் முகம் காட்டினால்தான் கூச்சம் போகும்" என்று நான் பிடிவாதமாக அனுப்பினேன். பஸ் காசு நானே கொடுத்ததால் அவளால் மறுக்கவும் முடியவில்லை. ஏழு மேசையில் பேச வேண்டும் என்று இலக்கு வேறு கொடுத்தேன்.

போனாள். இரண்டு மணித்தியாலம் சுவரோரமாக நின்றிருக்கிறாள். எட்டுத் துண்டுப்பிரசுரம் சேர்த்துக்கொண்டு நாவலப்பிட்டி பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிட்டாள். ஒருவரிடமும் பேசவில்லை. அடுத்த மூன்று சனிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை. எனக்கும் கோபம். இவ்வளவு செய்தும் என்ன பிள்ளை இது என்று மாமாவிடம் குறைப்பட்டும் கொண்டேன்.

மூன்றாம் வாரம் இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. திரையில் ஏழெட்டுத் தடவை தள்ளித் தள்ளி வாசிக்க வேண்டிய நீளம். நான்கு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய எல்லாவற்றையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. சுருக்கம் இதுதான். மேசையில் இருந்தவர்களைக் கண்டு அவளுக்குப் பயமில்லை. ஆனால் ஒரே நேரத்தில் இருநூறு பேர் பேசும் மண்டபத்தில் அரை மணித்தியாலம் நின்றதும் தலைக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு நிமிடத்தில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவர்கள் அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். "எனக்கு யோசிச்சுத்தான் பேச வரும் மிஸ். அங்க யோசிக்க இடம் இல்ல. நீங்க காசு குடுத்து அனுப்பினதுதான் மனசுல குத்திக்கிட்டே இருக்கு."

அதைப் படித்து முடித்தபோது நான் கவனித்தது, அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை என்பதை. காரணம், விளைவு, உதாரணம் எல்லாம் வரிசையாக இருந்தன. நான் ஆள் எடுத்த காலத்தில் இப்படி ஒரு மின்னஞ்சல் எழுதத் தெரிந்த கணக்குப் பிள்ளை கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

கூச்சத்தையும் உள்முக சுபாவத்தையும் நம்மில் பலர் ஒன்றாகவே எண்ணுகிறோம். கூச்சம் என்பது மற்றவர் என்ன நினைப்பாரோ என்ற பயம். உள்முக சுபாவம், சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் பரவலாக்கிய சொல்லில், மனத்தின் ஓட்டம் உள்நோக்கிப் போவது. அப்படிப்பட்டவருக்குக் கூட்டத்தில் நின்றால் களைப்பு, தனியே இருந்தால் தெளிவு. அவளிடம் இரண்டும் இருந்தன, ஆனால் சம அளவில் இல்லை. நான் பயத்துக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன், அவளுக்கு இருந்தது களைப்பு.

நாட்காட்டித் தாளின் பின்பக்கம்

ஜூனில் மறுபடி உட்கார்ந்தோம். இம்முறை நான் பேசவில்லை. பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, தெரிந்தவர்களை எழுதச் சொன்னேன். முதல் பட்டியல் ஐந்து நிமிடத்தில் முடிந்தது: மாமா, அம்மாவோடு மலைக்குப் போகும் பெண்கள், ஆடைத் தொழிற்சாலையில் இருக்கும் மச்சாள், கொழும்புக் கடைகளில் இருக்கும் மூன்று சொந்தம். பாசமான ஆட்கள்தான். ஆனால் இவர்களில் ஒருவர் அறிந்த செய்தி மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கும், ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை நினைவுக்கு வந்தது. பொஸ்டன் நகருக்குப் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8. நெருங்கியவருக்கு உதவ மனம் இருக்கும், ஆனால் அவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதையே லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரிடம் ஐந்து வருடத் தரவில் சோதித்தது. வேலை மாற அதிகம் உதவியது ஓரளவு மெலிந்த பழக்கம் என்றது. ஆகவும் மெலிந்த பழக்கம் அவ்வளவு பயனில்லை. பாசநேசம் இல்லாத, ஓரளவு முகம் தெரிந்த ஆட்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பட்டியலுக்கு ஒரு மணித்தியாலம் போனது. பள்ளிக்கூடத்தில் மூன்று நான்கு வருடம் முன்னால் படித்த அக்காமார், ஏ.ஏ.டி. வகுப்பில் பக்கத்தில் இருந்தவர்கள், கணக்கியல் டியூஷன் சேர், வருட முடிவில் கடைக்கு வந்து கணக்குப் பார்க்கும் ஓடிட் ஆபிஸ் அண்ணன், கடைக்குச் சீமெந்து கொண்டுவரும் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி. 19 பெயர். "இவங்ககிட்ட நான் பேசினதே இல்லையே மிஸ்." பேச வேண்டாம், எழுது என்றேன்.

முதல் வரைவு அவள் எழுதியபடி: "மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, நான் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவள். எனக்கு ஒரு தொழில் வாய்ப்பைப் பெற்றுத்தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." நாம் தோட்டத்துத் துரைக்கும் அமைச்சருக்கும் மனுக் கொடுத்துப் பழகிய மொழி அது. வாசிக்கிறவருக்கு இரண்டே வழிதான் விடும்: வேலை கொடு, அல்லது குற்ற உணர்ச்சியோடு மௌனமாயிரு. அநேகம் பேர் இரண்டாவதைத்தான் செய்வார்கள்.

நான்கு தடவை திருத்தியபின் போனது இது:

"வணக்கம் அக்கா. நான் உங்களுக்கு மூன்று வருடம் பின்னால் அதே பள்ளிக்கூடத்தில் வணிகப் பிரிவில் படித்தேன். என்னை ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் கண்டியில் ஓடிட் ஆபிஸ் ஒன்றில் இருப்பதாக அறிந்தேன். ஒரே ஒரு கேள்வி: ஏ.ஏ.டி. இரண்டாம் நிலையோடு, ஒன்றரை வருடம் கடைக் கணக்கு எழுதிய அனுபவத்தோடு வருகிறவரை அங்கே எடுப்பார்களா, இல்லாவிட்டால் மூன்றாம் நிலையை முடித்துவிட்டு வருவது நல்லதா? வசதியான நேரத்தில் ஒரு வரி போதும்."

இதில் வேலை கேட்கவில்லை. கேட்டது, அந்த அக்காவுக்கு யோசிக்காமலே பதில் தெரிந்த ஒரு விஷயம். யாருக்கும் தன் வேலையைப் பற்றி ஒரு வரி சொல்வதில் நட்டமில்லை, கொஞ்சம் பெருமையும் உண்டு. "ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை" என்ற வரியை நான் எடுக்கச் சொன்னேன், அவள் விடவில்லை. "ஞாபகம் இருக்கிற மாதிரி அவங்க நடிக்க வேண்டாம்ல" என்றாள். அவள் சொன்னது சரி.

வாரத்துக்கு இரண்டு செய்தி, அதற்கு மேல் வேண்டாம் என்று அவளே வரம்பு வைத்தாள். பதில் வந்தால் அதோடு தொடர்ந்து பேச வேண்டியிருக்கும், அதற்கும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டுமாம். ஒன்பது வாரத்தில் 16 பேருக்கு அனுப்பினாள். மூன்று பெயரை அவளே வெட்டினாள், ஏனென்று நான் கேட்கவில்லை. எத்தனை பேர் பதில் போடுவார்கள் என்று முன்கூட்டியே எழுதச் சொன்னதற்கு "2" என்று எழுதியிருந்தாள். ஒன்பது பேர் போட்டார்கள். அமெரிக்காவில் ஃபிராங்க் ஃபிளின், வனெசா லேக் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட சோதனைகளிலும் இதுதான் நடந்தது. சில கேள்வித்தாள்களை நிரப்பித்தரச் சொல்லி 20 பேரிடமாவது கேட்க வேண்டிவரும் என்று நினைத்தவர்களுக்கு ஏறத்தாழ 10 பேரே போதுமாக இருந்தது. ஒன்றைச் சொல்ல வேண்டும், அது முகத்துக்கு நேரே கேட்ட சோதனை. எழுத்தில் கேட்டால் மறுப்பது எல்லோருக்கும் சுலபம். எழுத்து அவளுக்கு ஏற்ற வழி, அதற்காக எல்லோருக்கும் அதுவே சிறந்த வழி என்று சொல்லமாட்டேன்.

நான் எதிர்பாராத ஒன்று, ஒன்பதில் ஆறு பதில் குரல்பதிவாக வந்தது. நம் ஆட்களுக்கு விரலால் தமிழ் தட்டுவதைவிடப் பேசுவது லேசு. முதலில் திகைத்தாள், பிறகு அதுவே அவளுக்கு வசதியாகிப்போனது. திரும்பத் திரும்பக் கேட்கலாம், எவரும் முகம் பார்த்துக்கொண்டு காத்திருக்கவில்லை. ஆகஸ்டில் அவளே குரல்பதிவு அனுப்பத் தொடங்கினாள். ஐந்து தடவை பதிவு செய்து நான்கை அழிப்பாள், கோயில் படியில் உட்கார்ந்துகொண்டு. அந்த மாதம்தான், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருடம் ஆனதைக் குறித்த "மலையகம் 200" நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் போனது. வகுப்பில் எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் மூலையில் காதில் ஹெட்செட் மாட்டி, யாரோ ஓர் அக்கா கண்டியில் போர்டிங் வாடகை பற்றிச் சொன்னதை மூன்றாம் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு நேர்முகப் பரீட்சை

முதலாவது செப்டெம்பரில், கொழும்பில். அங்கே போய்வர அம்மாவின் மூன்று பேர், அதாவது மூன்று நாள் கூலி, போனது. அப்போது ஒரு பேருக்கு ஆயிரம் ரூபாய், 2021இல் வர்த்தமானியில் வந்த சம்பளம். நேர்முகப் பரீட்சை முழுக்கச் சிங்களத்தில். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். எதிரில் இருந்தவருக்கு அது யோசனை என்று தெரியவில்லை, பதில் இல்லை என்று அடுத்த கேள்விக்குப் போனார். எட்டு நிமிடத்தில் முடிந்தது.

திரும்பி வந்ததும் நாங்கள் செய்தது ஒரே ஒரு வேலை. மௌனத்துக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டினோம். "ஹிதலா கியன்னங்", யோசித்துச் சொல்கிறேன். சிங்களத்தில் இந்த இரண்டு சொல்லும், ஆங்கிலத்தில் அதே மாதிரி ஒரு வசனமும். அதைச் சொல்லிவிட்டால் பத்து விநாடி மௌனம் யாருக்கும் உறுத்தாது, கவனமான ஆள் என்றுகூடத் தோன்றும். கடைக்கு வரும் சிங்கள வாடிக்கையாளர்களிடம் அவள் இதைப் பழகினாள். "நாலு அங்குலக் குழாய் இருக்கா" என்று கேட்டவரிடமும் யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம், மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்.

இரண்டாவது நவம்பரில், கம்பளையில் வாகன உதிரிப்பாகம் மொத்தமாக விற்கும் ஓர் இடம். விளம்பரம் எங்கும் வரவில்லை. ஏ.ஏ.டி. வகுப்பில் பின் வரிசையில் இருந்த பையன் ஜூலையில் அவள் கேள்விக்கு "மூணாம் நிலைய முடிங்க தங்கச்சி" என்று பதில் போட்டவன். அக்டோபர் கடைசியில் அவனே, தான் வேலை செய்யும் இடத்தில் கணக்கு உதவியாளர் ஒருவர் போகிறார் என்று எழுதினான். மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் கேட்ட கேள்வி அவன் மனதில் எங்கோ இருந்திருக்கிறது. பதில் வந்ததும் அவள் நன்றி சொல்லி, மூன்றாம் நிலைக்குப் பதிந்தபோது "பதிந்துவிட்டேன் அண்ணா" என்று ஒரு வரி போட்டதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களே அதிகம்.

அங்கே போகும்போது கையில் ஒரே ஒரு தாள் கொண்டுபோனாள். மாமா கடையில் கடன் கொப்பி என்று ஒன்று உண்டு, யார் யார் எவ்வளவு பாக்கி என்று பத்து வருடமாக எழுதிக் கிழிந்துபோன கொப்பி. அதை அவள் எக்செல்லில் ஏற்றி, 30 நாள், 60 நாள், 90 நாள் தாண்டிய பாக்கி என்று பிரித்திருந்தாள். மாமா அதைப் பார்த்துத்தான் பழைய பாக்கியில் பாதிக்கு மேல் வசூலித்தார். அந்தத் தாளின் பெயர்களை மறைத்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" வந்தபோது, ஹிதலா கியன்னங் என்று சொல்லி, தாளை மேசையில் வைத்தாள். முதலாளி அதைக் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு கேள்வியெல்லாம் தாளைப் பற்றியதுதான், இந்தத் தொகை ஏன் இங்கே, காசோலை திரும்பினால் எங்கே காட்டுவாய் என்று. பதில் சொல்ல அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு வங்கியின் கணக்கையும் கொப்பிக் கணக்கையும் ஒப்பிடும் வங்கி இணக்கக் கூற்று ஒன்றைத் தயாரிக்கக் கொடுத்தார்கள், தனி அறையில், 40 நிமிடம். அவளுக்கு அது ஓய்வு நேரம் மாதிரி.

டிசம்பர் முதலாம் திகதி சேர்ந்தாள். ஆறு மாதம் தகுதிகாண் காலம்.

தீராதவை

வேலை கிடைத்ததால் எல்லாம் நேரானதாக எழுத எனக்கு விருப்பமில்லை. போர்டிங்கும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது கொஞ்சம். மதியம் எல்லோரும் கூடிச் சாப்பிடும் அறையில் அவள் இன்னும் சாப்பிடுவதில்லை. ஸ்டோர் பக்கம் போய்த் தனியே சாப்பிடுகிறாள், திமிர் பிடித்தவள் என்று ஒரு பேச்சு இருக்கிறதாம். வாரத்தில் ஒரு நாளாவது அங்கே போய் உட்கார் என்று சொன்னேன். புதன்கிழமை போகிறாள். பாக்கிக்காரர்களுக்குத் தொலைபேசி எடுக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதில் மாத முடிவுக் கணக்கை முழுவதும் தானே எடுத்துக்கொண்டாள். எனக்கு இது சரியான பேரமா என்று இன்னும் சந்தேகம்தான். ஒருநாள் அந்தத் தொலைபேசியை அவள் எடுத்தே ஆக வேண்டிவரும்.

அமைதியான பிள்ளைகளுக்கு மறைந்த பலம் உண்டு என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். அதே அமைதியோடு, கொழும்பில் தனி அறையும் நல்ல சிங்களமும் உள்ள பிள்ளை அந்த நான்கு அழைப்பில் ஒன்றையாவது எடுத்திருக்கும். அவளுக்கு நான் செய்த உதவியில் பெரும்பகுதி விலாசத்தையும் சிக்னலையும் சுற்றி வளைத்துப் போவதுதான். சுபாவத்தில் கைவைத்த இடம் கண்டிப் பயணம் ஒன்றே, அதுதான் கெட்டது.

இப்போது அவள் என்னை மிஸ் என்பதில்லை, அக்கா என்கிறாள். இதை வெளியிடும் முன் அவளுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு செய்தி வந்தது, வரிசை எண் போட்டு, ஆறு திருத்தத்தோடு. ஐந்தை அப்படியே சேர்த்துவிட்டேன். ஆறாவது இது:

"கண்டியில நான் ரெண்டு மணித்தியாலம் சுவரோரமா நிக்கல அக்கா. நாற்பது நிமிஷம்தான். மிச்ச நேரம் வெளிய வந்து வாவியச் சுத்தி நடந்தேன். ஒரு முழுச் சுற்று. நல்லா இருந்துச்சு. நீங்க கோபப்படுவீங்கன்னு அப்ப சொல்லல."